முதல் குழுவுக்கு வந்தவர்

எங்கள் அக்காவுக்கு அடுத்தவர் வாயைப் பற்றித்தான் வேலை. வம்பு பேசுவாள் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு என் மனைவி இருக்கிறாள். அக்கா பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறும் தாடையுமாக ஒரு வாயை மேஜைமேல் எழுப்பி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கடிக்கவிட்டுப் பார்த்து, தேய்த்து, மெருகேற்றி, டப்பாவில் போட்டு அனுப்பிவிடுவாள். வாய்க்குச் சொந்தக்காரரை அவள் பார்த்ததே கிடையாது.

அந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. 'பல்செட் ரொம்ப அழகா இருக்கே' என்று யாராவது சொன்னால் செய்தவள் தோற்றாள் என்று அர்த்தம். அது பல்செட் என்றே தெரியக் கூடாது. அதனால் அக்கா பற்களை ஒரே சீராக அடுக்க மாட்டாள். ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். இன்னொன்றின் ஓரத்தில் டீ குடித்த கறை மாதிரி லேசாக மஞ்சள் தீற்றுவாள். பஸ்ஸில் போகும்போது யாராவது பெரியவர் வாய்விட்டுச் சிரித்தால் என் விலாவில் இடிப்பாள்.

"அது என்னோடதுடா."

"எது, அந்தப் பையா?"

"அந்தச் சிரிப்புடா, மண்டு."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெரியவருக்கு அவளைத் தெரியாது. தெருப் பிள்ளைகள் அவளைப் பல்லக்கா என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. எங்கள் வீட்டில் கோபம் என்பது முழுக்க என் பாகத்துக்கு வந்துவிட்டது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்தால் புத்தருக்கே மூக்குக்குமேல் கோபம் வரும்.

அக்காவின் வாரம் சனிக்கிழமை சாயங்காலத்துக்காகவே நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு டயர்க் கடை. அதன் மாடியில் ஒரு சின்ன ஹால். முன்னே டியூஷன் சென்டராக இருந்தது. ஒரு மூலையில் பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் அழியாமல் இருக்கிறது. மேடை என்பது முழங்கால் உயரத்துக்கு அடுக்கிய பலகைகள். நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். வாசலில் ஒரு தாடிக்காரர் டிக்கெட்டைக் கிழித்துப் புறங்கையில் முத்திரை குத்துவார். தெருப் பக்கம் இரட்டைக் கதவு வைத்த பெரிய ஜன்னல், கதவுக்கு ஒரு முழுக் கண்ணாடி. எதிர்வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்ததால் அதை ஆணியடித்து மூடிவிட்டார்கள்.

அங்கே வாரம் தவறாமல் இரண்டு குழுக்கள் பாடும். சினிமாப் பாட்டெல்லாம் கிடையாது. அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, அவர்களே பாடுவார்கள். கேட்பதும் அவர்களேதான் என்று நான் சொல்வேன், அக்கா முறைப்பாள். இரண்டாவதாக வருவது பேர் தெரிந்த குழு. கூட்டம் அவர்களுக்காக வரும். முதலில் வருவது புதுசு. யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பாடும்போது ஹாலில் இருப்பது பாடுகிற பிள்ளையின் அம்மா, அந்த அம்மாவின் கைப்பை, எங்கள் அக்கா. மற்றவர்கள் படிக்கட்டில் நின்று அரட்டை அடிப்பார்கள்.

அக்கா போவது அந்த முதல் குழுவுக்காகத்தான். கதவு திறப்பதற்கு முன்பே போய் நிற்பாள். மேடைக்கு நேர் முன்னால் நின்று, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கைவலிக்கத் தட்டுவாள். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டாவது பேண்டுக்குத் தட்ட ஊரே வருது. இதுங்களுக்கு யாருடா இருக்கா? முதல்ல வந்து நின்னு பாடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா? நம்மளும் முதல் பேண்டுதான்டா. நமக்கு யாரு தட்டினா?"

எனக்குச் சுருக்கென்றது. வழக்கம்போல அதைக் கோபமாக்கி, "எனக்கு வேன் கழுவணும்" என்று எழுந்து போய்விட்டேன்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்கிற கொள்கை எதுவும் அவளுக்குக் கிடையாது. என் வீட்டு மாடி அறையில் தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தட்டுக் கழுவி, தனியாக விளக்கை அணைப்பது அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. அதை அவளே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் வந்த மாப்பிள்ளைகள் அப்படி. ஒருத்தர் உட்கார்ந்ததும் ஈறு தெரிய இளித்து, "எனக்கு எல்லாம் ஒரிஜினல்" என்றார். இன்னொருத்தர் சனிக்கிழமை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் தேவைப்படாது" என்று டாக்டர் மாதிரி சொன்னார். மூன்றாவது ஆள் உற்சாகமாக ஹாலுக்கே வருகிறேன் என்றார். வந்தார், இரண்டாவது குழு பாதி பாடி முடித்தபிறகு. வந்ததும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி, "முதல் பேண்டை மதிக்காதவன் வேண்டாம்டா" என்றாள். மேடைக்கு முதுகு காட்டுகிறவன் என்றால் அன்றிலிருந்து அவளுக்கு ஆகாது.

ஆனாலும் எங்கள் மாமா விடுவதாக இல்லை. அம்மாவின் தம்பி, தையல்காரர். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும், எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுப்பார். அவர் ஒரு வரனைக் கொண்டுவந்தார்.

"கண்ணாடிக் கடைல கண்ணாடி அறுக்கிறவரு. தங்கச்சிங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சே வயசு போயிடுச்சு. தோள் ஒரு பக்கம் லேசா இறக்கம், அது ஒண்ணும் பெரிய குறை இல்ல. நல்ல மனுஷன். பேச்சுதான் கொஞ்சம் கம்மி."

"எவ்வளவு கம்மி?" என்று கேட்டேன்.

"நான் பேசினேன். அவரு தலையாட்டினாரு."

அக்கா கையிலிருந்த பல்செட்டை டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு, "சரி மாமா. ஆனா வீட்டுக்கு வர வேண்டாம். சனிக்கிழமை ஹாலுக்கு வரச் சொல்லுங்க, முதல் பேண்டுக்கே. ஒண்ணு சொல்லிடறேன், இதுதான் கடைசி. இது சரியா வரலைன்னா இனிமே யாரும் என்கிட்ட இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றாள். குரலில் கோபமில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், நான் தினமும் வாங்குகிறேன். இப்படி நிதானமாகச் சொன்னதை அவள் மாற்றவே மாட்டாள்.

சனிக்கிழமை வெயில் இறங்குகிற நேரத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். கண்ணாடிக்காரர் எங்களுக்கு முன்பே வந்து டயர்க் கடை வாசலில் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, தலையைப் படிய வாரியிருந்தார். இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கியே வைத்திருந்தார். நடுவில் ஏதோ உடையும் பொருள் இருப்பதுபோல் நடந்தார். விரல்களில் பொடிப்பொடியாக வெள்ளைத் தழும்புகள். அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அக்காவும் தலையாட்டினாள். மாமா சொன்னது சரிதான், பேச்சு கம்மி.

மாமாவுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. "நான் இங்கேயே உக்காந்திருக்கேன். நீ கூடப் போ. ஆனா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு, புண்ணியமாப் போகும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுக்கியிருந்த டயர்கள்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மேலே வழக்கம்போல் பாடுகிறவளின் அம்மா, கைப்பை, அப்புறம் நாங்கள். முதல் குழுவின் பெயர் 'ஈரக் குடை'. பாட்டெழுதிப் பாடும் ஒரு பெண், பல்லில் கம்பி போட்டிருந்தாள். பாஸ் கிடாரோடு ஒரு நெட்டைப் பையன். டிரம்ஸ் வாசிக்க இன்னொரு பெண், டிரம்ஸுக்குப் பின்னால் தலை மட்டும்தான் தெரிந்தது. மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. கம்பிப் பல் பெண் மைக் அருகே வந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். எல்லாருக்கும் என்றது எங்கள் நாலு பேருக்கு.

பாட்டு ஆரம்பித்தது. மெதுவான பாட்டு. பஸ்ஸைத் தவறவிட்டவள் நிறுத்தத்திலேயே நின்று, போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் தான் போவதாக நினைத்துக்கொள்கிறாள். பாஸ் கிடார் அடியில் உறுமிக்கொண்டே வந்தது. எனக்கு இந்தப் பாட்டெல்லாம் புரியாது என்பதுதான் என் கட்சி, ஆனாலும் அந்தப் பெண்ணின் குரல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். பக்கத்தில் ஆளைக் காணோம்.

தேடினால், மனுஷன் ஜன்னல் பக்கம் போயிருந்தார். மேடைக்கு முதுகு. எங்களுக்கும் முதுகு. இரண்டு உள்ளங்கையையும் ஜன்னல் கண்ணாடியில் விரித்து வைத்து, தெருவைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார். சாயங்கால வெயில் அவர் முகத்தில் விழுந்தது. போலீஸ் சோதனை போடும்போது சுவரோரம் நிற்க வைப்பார்களே, அதேபோல்.

முதல் பாட்டு முடிந்தது. அக்கா தட்டினாள், நானும் கடமைக்குத் தட்டினேன். அவர் திரும்பவும் இல்லை, தட்டவும் இல்லை. அக்கா ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் தொங்கிப் போனதை மறக்க மாட்டேன். அன்றைக்கு அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள், அதற்குத் தோதாக என் மனைவியின் தோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். எவ்வளவு ஆசையோடு வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லிடு" என்றாள். "நீ இப்பப் போக வேண்டாம், இந்தப் பிள்ளைங்க முடிக்கட்டும்."

அடுத்த பாட்டு தொடங்கியது. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் புருவத்தைச் சுருக்கி, "இன்னிக்கு என்னமோ சத்தம் சுத்தமா இருக்குடா" என்றாள்.

"என்ன சுத்தம்?"

"இங்க ஒரு வண்டு இருக்கும். பாஸ் கிடார் சத்தம் கீழே இறங்கினா நொர்ருன்னு ஒரு சத்தம் கூடவே வரும். எந்த முதல் பேண்டு வந்தாலும் வரும். ஸ்பீக்கர்ல கோளாறுன்னு அந்தப் பசங்களே சொல்வாங்க, தாடிக்காரர் நம்ப மாட்டாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சிரிப்பாரு. இன்னிக்கு அதைக் காணோம்."

எனக்கு வண்டைப் பற்றிக் கவலையில்லை. ஜன்னலோரம் நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் ரத்தம் கொதித்தது. ஒரு பெண் இத்தனை வயசுக்குமேல் மனசைத் தேற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். இவர் தெருவில் போகிற வண்டிகளை வேடிக்கை பார்க்கிறார்! மாமா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு என்றுதானே சொன்னார், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. நேராகப் போனேன். அவர் தோளைத் தொட்டேன். திரும்பவில்லை, தலையை மட்டும் 'பொறுங்கள்' என்பதுபோல் ஆட்டினார். இதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கண்ணாடியிலிருந்து வெடுக்கென்று இழுத்தேன்.

நொர்ர்ர்ர்.

ஹால் முழுக்க அந்தச் சத்தம். பாஸ் கிடாரின் ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. கம்பிப் பல் பெண்ணின் குரல் அதற்குள் சிக்கி மங்கிப் போனது. நெட்டைப் பையன் பயந்துபோய்த் தன் ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"விடுங்க சார், பாட்டு கெடுது" என்றார் கண்ணாடிக்காரர். அதுதான் அவர் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை. கையை உருவிக்கொண்டு மறுபடி உள்ளங்கைகளைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வண்டு செத்தது. குரல் தெளிந்து வந்தது.

நான் திரும்பினேன். அக்கா மேடையைப் பார்க்கவில்லை. பாட்டு நடக்கும்போது அவள் மேடையைப் பார்க்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், அதன்மேல் இருந்த இரண்டு கைகளைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பார்வையை இங்கே எழுத முடியாது. எந்த வாரமும் தவறாமல் அந்த வண்டைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அது இல்லாமல் போனதன் அருமையும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெருக்கல் வாய்ப்பாட்டைப் படித்தேன்.

அதன்பிறகு 'ஈரக் குடை' பாடிய பாட்டுகளுக்கு அக்கா தட்டிய தட்டு இருக்கிறதே! படிக்கட்டில் நின்றவர்களெல்லாம் உள்ளே என்னவோ பெரிய விஷயம் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் உள்ளேயே நின்றுவிட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு ஒரு நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் கம்பிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே பாடினாள். அவள் அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

முடிந்ததும் அக்கா நேரே ஜன்னலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வெட்கமிருந்தாலும் ஒட்டுக் கேட்காமல் இருக்க முடியுமா?

"கை வலிக்கலையா?" என்று கேட்டாள்.

"பழக்கம்தான்." அவர் கைகளை உதறினார். "கண்ணாடியைப் பிடிச்சு நிறுத்த ஓரத்துல பூசின புட்டிப் பசையெல்லாம் காஞ்சு உதிர்ந்துடுச்சு. கண்ணாடி சும்மா நிக்குது. கைக்குட்டையை மடிச்சு சொருகிப் பார்த்தேன், சத்தம் நிக்கல."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அந்தப் பொண்ணு பாட ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல போய் ஜன்னல் சரியில்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அக்கா மேடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க பாட்டைப் பார்க்கவே இல்லையே" என்றாள். குரல் மாறியிருந்தது.

"கேட்டேங்க. ரெண்டாவது பாட்டுல ஒரு இடத்துல குரலை விட்டுட்டு மறுபடி பிடிச்சுது பாருங்க. அது கண்ணாடி வழியா கைக்கே வந்துது." சொல்லிவிட்டு அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்தார். "கை தட்டத்தான் முடியல. அதுதான் மனசுக்குச் சங்கடமா இருந்துது. அவ்வளவு நல்லாப் பாடின பிள்ளைங்களுக்கு ஒருதடவைகூடத் தட்டல."

"நான் உங்களுக்கும் சேர்த்துத் தட்டினேன்" என்றாள் அக்கா.

"அப்படியா? அதான் அவ்வளவு சத்தமா இருந்துதா!" என்றார் அவர். அக்கா சிரித்தாள். பிறத்தியார் பல்லையே பார்த்துப் பார்த்து, தன் பல் தெரியாமல் சிரித்துப் பழகியவள் அவள். அன்றைக்கு அத்தனை பல்லும் தெரிந்தது.

"சனிக்கிழமைன்னா நான் இங்கதான் இருப்பேன். எந்தக் காலத்திலேயும்" என்றாள் திடீரென்று. கல்யாணப் பேச்சில் நிபந்தனையை இவ்வளவு நேராகப் போட்டு நான் கேட்டதில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இதுக்குப் புது புட்டி வைக்கணும். நானே வெச்சிடறேன். காயறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் நானும் வந்துதான் ஆகணும்" என்றார். அப்புறம் யோசித்து, "காஞ்ச பிறகும் வரேன்" என்றார்.

அதற்குள் இரண்டாவது குழு மேடையேறிவிட்டது. அவர்கள் பெயர் 'நாலு பேர்'. ஆனால் ஐந்து பேர் இருந்தார்கள். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று பயந்தே பிழைத்த குடும்பம் எங்களுடையது. இந்த நாலு பேரை டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்திருக்கிறோம். ஹால் நெரிந்தது. மூச்சு விடுவதையே முறை வைத்துத்தான் விட வேண்டியிருந்தது.

டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத்தான் தட்டினார், ஜன்னலின் இரண்டு கதவும் ஒன்றாக அலறின. கண்ணாடிக்காரர் தாவி ஒன்றில் கை வைத்தார். "அதை யாராவது பாருங்க! இது பாட்டு கெடற விஷயம் இல்ல, தெருவுல விழுந்துடும்!" என்று இன்னொரு கதவைத் தலையாலேயே காட்டினார்.

நான்தான் போகவேண்டியவன். ஒரு எட்டும் வைத்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு போய், தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கண்ணாடியில் வைத்தாள்.

"அப்படி இல்லைங்க, விரலை விரிச்சு. நடுவுல அழுத்தாதீங்க, ஓரமா" என்று அவர் கத்தினார். அவள் விரலை விரித்தாள்.

அங்கிருந்தே கழுத்தைத் திருப்பி, "டேய்! மாமாகிட்ட சொல்லச் சொன்னேனே, சொல்லிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல!"

"சொல்லித் தொலைச்சிடாதே!"

'மாட்டேன்' என்று கையை ஆட்டிக் காட்டினேன். வாயால் சொல்லியிருந்தால் கேட்டிருக்காது. 'நாலு பேர்' அப்படி வாசித்தார்கள். முதல் குழு கண்ணை மூடிக் கேட்க வேண்டியது என்றால் இது காலை நிலத்தில் நிற்கவிடாதது. பாடுகிறவர் ஆபீஸ் சட்டையோடு வந்திருந்தார், பாக்கெட்டிலிருந்து பேனாவைக்கூட எடுக்கவில்லை. மேலதிகாரிக்கு லீவு கேட்கிற பாட்டாம் அது. 'எனக்கு உடம்பு சரியில்லை ஐயா' என்று அவர் பாட, 'மனசும் சரியில்லை ஐயா' என்று ஹாலே திருப்பிப் பாடியது. அந்த நெரிசலிலும் முன்வரிசையில் அக்காவின் இடம் மட்டும் காலியாக இருந்தது. காலியாக விடக் கூடாதே என்று நான் போய் நின்றேன். கம்பிப் பல் பெண்ணும் நெட்டைப் பையனும் பக்கத்தில் வந்து நின்றார்கள். அடுத்து என்ன ஆனதென்றால், சத்தமே ஆகாத பள்ளி வேன் டிரைவர் ஒருவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, 'மனசும் சரியில்லை ஐயா' என்று கத்திக்கொண்டிருந்தான். என் மனசு அன்றைக்கு இருந்ததுபோல் என்றைக்குமே சரியாக இருந்ததில்லை.

இரண்டு மூன்று பாட்டுக்குப் பிறகு யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். மாமா! முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கழுத்து டேப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் படியேறி வந்துவிட்டார். ஹாலைச் சுற்றிப் பார்த்தவர் கண் ஜன்னலில் போய் நின்றது. அங்கே பெண்ணும் மாப்பிள்ளையும், மேடைக்கு முதுகைக் காட்டி, ஆளுக்கொரு கதவில் கை வைத்து, ஒரே தெருவைப் பார்த்து நின்றிருந்தார்கள். இருவர் தலையும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"என்னடா இது? ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கறாங்க! சண்டையா?" என்று என் காதில் கத்தினார்.

"இல்ல மாமா!"

"பேசினாங்களா?"

"பேசினாங்க! ஜன்னலைப் பத்தி!"

"ஜன்னலைப் பத்தியா? அடக் கடவுளே! ஒருத்தரை ஒருத்தர் நல்லாப் பார்த்தாங்களா இல்லையா, அதையாவது சொல்லு!"

"நேரமில்ல மாமா, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு! நீங்க தேதியைப் பாருங்க!"